சட்டையில் இருந்த பெயரை எழுதியதால் வீணான ஒரு மாதம்

2020 மார்ச்சில் கொரோனாவால் கட்டுநாயக்க விமான நிலையம் மூடியபோது நான் அங்கே பொதி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். மேன்பவர் ஆள்; அதாவது, பெரிய கம்பனிக்கு ஆள் அனுப்பும் இன்னொரு கம்பனியின் ஊழியன். சீதுவையில் போடிங் அறையைப் பூட்டிவிட்டு, ஊரடங்குக்கு முன்பே பஸ் பிடித்து ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் அறையிலேயே பெட்டிக்குள் கிடந்தன. அதுதான் முதல் பிழை.

ஏப்ரலில் அரசாங்கத்தின் 5,000 ரூபா கொரோனாக் கொடுப்பனவுக்குப் பெயர் கொடுத்தேன். "ஏர்போர்ட்ல வேலை, ஈ.பி.எப். வேற இருக்கு. உங்களுக்குக் கிடைக்காது தம்பி" என்றார் அதிகாரி. ஈ.பி.எப். என்பது ஊழியர் சேமலாப நிதி. சரி என்று கம்பனிக்குப் போன் போட்டால், "பிளைட் இல்ல, வேலை இல்ல, எங்க சம்பளம்?" என்றார்கள். லயத்தில் இருந்துகொண்டே ஒரு மேசைக்கு வேலைக்காரன், இன்னொரு மேசைக்கு வேலையில்லாதவன்!

தொழிற்சங்கத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கம் மூன்று தரப்பும் பேசி, வேலைக்குக் கூப்பிடாதவர்களுக்கும் மே, ஜூன் மாதங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அரசாங்கம் தருகிற பணம் இல்லை, முதலாளி தர வேண்டியது. தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

செய்தேன். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம்; சிங்களப் படிவத்தை வரிசையில் நின்ற ஒருவர் நிரப்பித் தந்தார். தொழில்தருநர் பெயர் என்ற இடத்தில், என் வேலைச் சட்டையில் இருந்த பெரிய கம்பனியின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து, "இவர் எங்கள் ஊழியர் அல்ல" என்று பதில் வந்திருந்தது. அவர்கள் சொன்னதும் உண்மைதானே.

அந்த வாரம் பார்த்து மச்சான் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். அமெரிக்காவில் மார்ச்சிலேயே விமானத் துறை ஆட்களின் சம்பளத்துக்கு 3,200 கோடி டொலர் ஒதுக்கியிருந்தார்கள். அதில் 300 கோடி, பொதி ஏற்றுகிறவர்கள், சாப்பாடு அனுப்புகிறவர்கள் போன்ற ஒப்பந்தக் கம்பனி ஆட்களுக்கென்றே. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்: சட்டையைப் பார்க்காதீர்கள், உங்களுக்கு ஈ.பி.எப். கட்டுகிற கம்பனி எது என்று பாருங்கள். அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். நானும் சரியான பெயரோடு மறுபடி போனேன். போடிங் ஆன்ட்டி பெட்டியைத் திறந்து நியமனக் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், பாவம். "படம் செல்லாது" என்று திணைக்களத்தில் ஒருவர் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை இருந்த மிஸ், வங்கிப் புத்தகத்தைக் கேட்டார். மாதாமாதம் மேன்பவர் கம்பனியின் பெயரில் விழுந்த சம்பளம் அதில் வரிசையாக இருந்தது. அது போதும் என்றார். அதைக் கொண்டுபோகச் சொல்லி முன்பு ஒருவரும் சொல்லவில்லை.

ஒக்டோபரில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, ஈ.பி.எப். 8 வீதம் கழித்து, 26,680 ரூபா விழுந்தது. பஸ் காசு, போட்டோகொப்பி எல்லாம் போக மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் சம்பளத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு வேறு படிவமாம். தமிழில் அதுவும் முடிந்துவிட்டதாம்.