ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: குதிரையின் வேகத்தில் ஒரு விளையாட்டு

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாடலாமா என்று கேட்பவர்களிடம், தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2018 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும், அதற்கு அடுத்த ஆண்டு கணினிக்கும் வெளியிட்ட இந்த விளையாட்டு தரும் இன்பமும் எரிச்சலும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. அது அவசரப்பட மறுக்கும் விளையாட்டு. சுட்டு வீழ்த்திய மானின் தோல் வேண்டுமென்றால், கதாநாயகன் ஆர்தர் மார்கன் மண்டியிட்டு, கத்தியை எடுத்து, தோலை உரித்து, சுருட்டிக் குதிரையின் முதுகில் போடும் வரை நாம் பார்த்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும். ஒரு வீட்டைச் சோதனையிட்டால் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பைக்குள் போடுகிறான். மற்ற விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும் வேலைகள் இவை.

இந்த மெதுவான நடையைக் குறை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கதை நடப்பது 1899இல். குடியேறிகளின் எல்லைக்கோடு என்று இனி ஒன்றைத் தனியாக வரைந்து காட்ட முடியாது என்று 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி அமெரிக்க அரசே அறிவித்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகியிருந்த காலம் அது. சிவகாசியிலிருந்து வரும் கௌபாய் காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு வன்மேற்கு என்றால் என்றும் முடியாத ஒரு காலம். அங்கே நாயகனுக்கு வயதாவதில்லை, தோட்டாவும் தீர்வதில்லை. இந்த விளையாட்டோ அந்தக் காலம் முடிந்துபோன பிறகும் முடிந்ததை ஏற்க மறுக்கும் ஒரு கொள்ளைக் கூட்டத்தைப் பற்றியது. பிளாக்வாட்டர் என்ற ஊரில் ஒரு கொள்ளை படுதோல்வியில் முடிய, டச் வான் டெர் லிண்டின் தலைமையில் ஆண்களும் பெண்களும் ஒரு சிறுவனுமாக அந்தக் கூட்டம் பனிமலைக்குள் ஓடி ஒளிகிறது. அங்கிருந்துதான் நம் ஆட்டம் தொடங்குகிறது.

அந்தப் பனிமலை அத்தியாயத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். முழங்கால் அளவு பனியில் குதிரைகள் தத்தளித்து நடக்க, விளையாட்டு கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போகிறது. நமக்கென்று எந்தச் சுதந்திரமும் இல்லை. அதைத் தாண்டி இரண்டாம் அத்தியாயத்தில் ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் என்ற மலைமுகட்டு முகாமுக்கு வந்து சேரும்போது நிலம் சட்டென்று விரிகிறது. கீழே ஆறு ஓடுகிறது. சற்றுத் தொலைவில் சேறும் ஆட்டு மந்தையுமாக வாலன்டைன் என்ற சிற்றூர். இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளையாட்டு உண்மையில் தொடங்குவது இங்கேதான் என்பதால், இதற்கு முன் தீர்ப்புச் சொல்பவர்களின் தீர்ப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது துப்பாக்கிச் சண்டை அல்ல, குதிரைப் பயணம்தான். குதிரை இங்கே வெறும் வாகனமாக இல்லை. அதற்குத் தீனி போட வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், மிரளும்போது கழுத்தைத் தட்டி அமைதிப்படுத்த வேண்டும். அப்படிச் செய்யச் செய்ய அதற்கும் நமக்குமான பிணைப்பு நான்கு படிகளில் வளர்கிறது. தொலைவிலிருந்து சீழ்க்கை அடித்தாலும் வந்து நிற்கிறது. பாம்பையோ முதலையையோ கண்டால் மிரண்டு நம்மைக் கீழே தள்ளவும் செய்யும். உரிய மருந்து கையில் இல்லாத நேரத்தில் படுகாயம் அடைந்தால் செத்துப்போகும். செத்த குதிரை செத்ததுதான், அடுத்த வளைவில் புதிதாக முளைத்து வராது. வேறு விளையாட்டுகளில் ஒரு காரை ஆற்றில் இறக்கிவிட்டு அடுத்த காரைத் தேடிப் போகும் நாம், இங்கே செங்குத்தான சரிவு வந்தால் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறோம். யாரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை.

வழியில் மனிதர்கள் எதிர்ப்படுகிறார்கள். பாம்பு கடித்து விழுந்து கிடக்கும் ஒருவன் உதவி கேட்டுக் கத்துகிறான். காயத்தில் வாய் வைத்து நஞ்சை உறிஞ்சித் துப்பலாம், மருந்து கொடுக்கலாம், பார்க்காததுபோல் போய்விடவும் செய்யலாம். காப்பாற்றியிருந்தால் பிற்பாடு ஏதோ ஓர் ஊரில் துப்பாக்கிக் கடைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவன் நம்மை அடையாளம் கண்டு கூப்பிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் என் கணக்கில் என்கிறான். வரைபடத்தில் இதற்கெல்லாம் எந்தக் குறியும் கிடையாது. பட்டியலில் ஒன்று முடிந்தது என்று மணி அடிப்பதும் இல்லை. எங்கும் சுற்றித் திரியலாம் என்று ஓப்பன் வேர்ல்ட் என்ற பெயரில் வரும் பல விளையாட்டுகள் வரைபடம் முழுக்கக் குறிகளைத் தூவி, அவற்றைத் துடைத்து முடிப்பதையே வேலையாக நமக்குக் கொடுத்துவிடுகின்றன. இங்கே போகிற போக்கில் நடப்பதுதான் நிகழ்ச்சி. வேட்டையிலும் அதே நிதானம் தேவைப்படுகிறது: முயலுக்குச் சிறு அம்பு, மானுக்கு வில் அல்லது ரைஃபிள் என்று விலங்குக்கேற்ற ஆயுதத்தால் ஒரே அடியில் வீழ்த்தினால்தான் தோல் கெடாமல் கிடைக்கும், குதிரை முதுகில் நெடுநேரம் கிடந்தால் உடல் அழுகும்.

முகாமைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பியர்சன் கிளறும் குழம்புச் சட்டி, டச்சின் கூடாரத்தில் சுழலும் கிராமபோன், மரத்தில் கட்டிப்போட்ட எதிரிக் கூட்டத்துப் பையன் கீரன், சீட்டாட்டம், சில இரவுகளில் பாட்டும் குடியும். இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் அருகே போனால் பேச்சு நம் பக்கம் திரும்பும். வாரக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பினால் எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். கதையில் பின்னால் இவர்கள் ஒவ்வொருவராக உதிரும்போது வலிப்பதற்குக் காரணம், அவர்களுக்காக எழுதப்பட்ட பெரிய காட்சிகளைவிட, வேலை எதுவும் இல்லாமல் அவர்களோடு உட்கார்ந்து ஒரு கிண்ணம் குழம்பு குடித்த நேரங்கள்தான்.

இனிக் குறைக்கு வருகிறேன். இத்தனை பரந்த நிலத்தில் இத்தனை சுதந்திரம் தரும் இதே விளையாட்டு, கதையின் மிஷன் தொடங்கிய மறுநொடி கண்டிப்பான வாத்தியாராக மாறிவிடுகிறது. சொன்ன பாதையை விட்டுச் சற்று விலகினால் மிஷன் தோல்வி. பக்கவாட்டிலிருந்து சுற்றிவந்து எதிரியைத் தாக்கலாம் என்று நினைத்தால், கூட்டாளியைக் கைவிட்டுவிட்டாய் என்று மீண்டும் முதலிலிருந்து. பெரும்பாலான மிஷன்களின் அமைப்பும் ஒன்றே: பேசிக்கொண்டே குதிரையில் போவது, திட்டம் சொதப்புவது, வரிசையாக வரும் ஆட்களைச் சுடுவது, தப்பி ஓடுவது. காலத்தை மெதுவாக்கிக் குறிவைக்க உதவும் டெட் ஐ என்ற வசதி முதலில் விறுவிறுப்பாக இருந்தாலும், நடுக்கதைக்கு வருவதற்குள் சண்டைகள் மிக எளிதாகிவிடுகின்றன. ஒளிந்து வாழ வேண்டிய கூட்டம் என்று கதை சொல்லிக்கொண்டிருக்க, ஊருக்கு ஊர் டஜன் கணக்கில் பிணங்களை விட்டுச்செல்கிறோம். அதைவிட எரிச்சலூட்டுவது, குதிரையிலிருந்து இறங்கும்போது ரைஃபிள் பல நேரம் சேணத்திலேயே தங்கிவிடுவது. கையில் ஆயுதம் இல்லாதபோது வணக்கம் சொல்ல உதவும் பொத்தானே, ஆயுதம் இருக்கும்போது குறிவைக்கும் பொத்தானாகவும் இருப்பதன் விளைவுகளை நான் விவரிக்கத் தேவையில்லை.

அதேசமயம், டச் எல்லா முகாமிலும் ஒரே வாக்குறுதியைத் தருகிறான் என்று சொல்லப்படும் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. இன்னும் ஒரே ஒரு கொள்ளை, பிறகு டஹிட்டித் தீவு, மாம்பழம், நிம்மதி. ரோட்ஸ் ஊரில் கிரே, பிரெய்த்வெய்ட் என்ற இரு பழம்பெரும் குடும்பங்களின் பகைக்கு நடுவே புகுந்து பணம் பார்க்கலாம் என்கிறான், அது நாசமாகிறது. நியூ ஆர்லியன்ஸை ஒத்த செயின்ட் டெனிஸ் நகரத்தில், டிராமும் ஆலைப்புகையுமாக நவீன உலகம் வந்துவிட்ட இடத்தில், வங்கியைக் கொள்ளையடிக்கலாம் என்கிறான். அது இன்னும் பெரிய நாசமாகிறது. ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், ஒவ்வொரு முறையும் அவற்றை நம்பும் முகங்களில் ஒன்றிரண்டு குறைவு. நாமும் அந்த வாக்குறுதியில் சலித்துப்போக வேண்டும் என்பதுதான் கதையின் நோக்கம் என்று நினைக்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் குவார்மா தீவுக்கு மட்டும் அப்படியொரு நியாயத்தையும் என்னால் கற்பிக்க முடியவில்லை.

கூட்டத்தைத் துரத்தும் பிங்கர்டன் துப்பறிவாளர்கள் கற்பனை அல்ல. இன்றும் அந்தப் பெயரில் நிறுவனம் இருக்கிறது. தங்கள் பெயரைப் பயன்படுத்தியதற்காக அவர்கள் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூவுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப, அது 2019 ஜனவரியில் வழக்காக மாறி, சில மாதங்களில் அடங்கிப்போனது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் துரத்தல் நிற்கவில்லை என்று சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கதையின் திருப்பத்தை இதுவரை அறியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். இரண்டாம் அத்தியாயத்தில், கூட்டத்தின் வட்டிக்காரன் ஸ்ட்ராஸுக்காகக் கடன் வசூலிக்கப் போகும் ஆர்தர், தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளி விவசாயியை அடிக்கிறான். அந்த மனிதர் இருமும்போது இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. விளையாடுபவர் அதை ஒரு சிறு வேலையாக முடித்துவிட்டு மறந்துபோவார். பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு செயின்ட் டெனிஸ் தெருவில் ஆர்தர் சுருண்டு விழ, மருத்துவர் காசநோய் என்கிறார். 1899இல் அதற்கு மருந்து இல்லை. அதன் பிறகு அவன் முகம் ஒடுங்குகிறது, கண் சிவக்கிறது, இருமல் பேச்சை அறுக்கிறது. அதுவரை பொறுமையைச் சோதிப்பதாகத் தோன்றிய அந்த மெதுவான நடை இப்போது வேறொன்றாகிவிடுகிறது: தாடி வளர்வதையும், நாட்குறிப்பில் அவன் பறவைகளை வரைவதையும், உணவு போதாமல் மெலிவதையும் நாம்தான் கூட இருந்து பார்த்திருக்கிறோம். ரயில் நிலையத்தில் கன்னியாஸ்திரீ கால்டெரோனிடம் தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் ஒப்புக்கொள்ளும் காட்சியை, எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு விளையாட்டால் இவ்வளவு கனமாக்கியிருக்க முடியாது. ஆர்தருக்கு உயிர் கொடுத்த ரோஜர் கிளார்க் அந்த ஆண்டின் கேம் விருது விழாவில் சிறந்த நடிப்புக்கான பரிசைப் பெற்றதில் வியப்பில்லை. நம் செயல்களைப் பொறுத்து ஏறி இறங்கும் ஹானர் அளவுகோல் ஆர்தரின் முடிவையும் மாற்றுகிறது என்பதால், கடைசி அத்தியாயத்தில் வழிப்போக்கர்களைச் சுடுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

இந்த நுணுக்கங்களுக்குப் பின்னால் மனித உழைப்பு இருக்கிறது. வெளியீட்டுக்குச் சில நாள்களுக்கு முன், வாரத்துக்கு 100 மணி நேர வேலை பற்றி ராக்ஸ்டாரின் இணை நிறுவனர் டான் ஹவுசர் ஒரு பேட்டியில் குறிப்பிட்டது பெரும் சர்ச்சையானது. அது மூத்த எழுத்தாளர்கள் சிலரை மட்டுமே குறித்தது என்று பிறகு விளக்கம் வந்தாலும், விளையாட்டுத் துறையின் பணிச்சூழல் பற்றிய பேச்சு அத்துடன் ஓயவில்லை. குதிரையின் மேல் படியும் சேற்றை வியக்கும்போது இதுவும் எனக்கு நினைவுக்கு வருகிறது. வியப்பு குறைவதில்லை, ஆனால் முன்போல் கவலையற்றதாகவும் இல்லை.

நடைமுறை விஷயங்கள் சில. கணினியில் 150 ஜிபி இடம் கேட்கும். கதையை மட்டும் முடிக்கவே சுமார் 50 மணி நேரம் ஆகும். வேட்டை, மீன்பிடிப்பு, போக்கர் என்று அலைந்தால் அதற்குக் கணக்கில்லை. தொலைவான இடங்களுக்கு ரயிலிலோ கோச்சு வண்டியிலோ போகலாம் என்றாலும், நான் குதிரையிலேயே போகச் சொல்வேன். ஆன்லைன் பகுதிக்கு இனிப் பெரிய அளவில் புதுப்பிப்புகள் வராது என்று 2022இல் அறிவித்துவிட்டார்கள். அதற்காக மட்டும் வாங்க வேண்டாம். ஒரே மூச்சில் மிஷன்களை முடிப்பவர்களுக்கு அந்தக் கண்டிப்பு விரைவில் திகட்டிவிடும். ஒரு மிஷன் முடிந்ததும் இரண்டொரு நாள் காட்டில் அலைந்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் எனக்கு ஒத்துவந்த முறை.

ஆர்தரின் கதை முடிந்ததும் 1907இல் தொடங்கும் பின்கதையைப் பலர் அலுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். அதே கொள்ளைக் கூட்டத்தில் இருந்த ஜான் மார்ஸ்டன் ஒரு பண்ணையில் சாணம் அள்ளுகிறான், பால் கறக்கிறான், பிறகு பீச்சர்ஸ் ஹோப் என்ற இடத்தில் தனக்கென்று ஒரு வீடு கட்டுகிறான். ஆணி அடிக்கும் வேலையும் நமக்குத்தான். ரயில் கொள்ளைகளைவிட அந்தச் சுத்தியல் வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆர்தர் காலடி வைத்தாலே கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கிகள் சுட்டு வீழ்த்தும் நியூ ஆஸ்டின் பாலைவனம் இப்போதுதான் திறக்கிறது. 2010இல் வந்த முந்தைய விளையாட்டின் நிலம் அது. அதை விளையாடியவர்களுக்குப் பழைய ஊர்களைத் திரும்பப் பார்க்கும் மகிழ்ச்சி உண்டு. மற்றவர்களுக்குச் சொல்லும்படியான கதை அங்கே அதிகம் இல்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வடக்கே திரும்பிவிடலாம்.