நாரை மூக்குல ஒரு சந்து

பத்து நாளா யாரு போன் பண்ணியும் சரியா எடுக்கல, மன்னிச்சிக்கோங்க. தஞ்சாவூருக்குப் பக்கத்துல ஒரு மியூசியத்துல என்னோட பேப்பர் வேலைய மாட்டிக்கிட்டு இருந்தேன். 22 அடிக்கு ஒரே சுவரு, அதுல 14 பெரிய தாள்ல வெட்டுன ஒரு ஐப்பசி மாசத்து வயலு. நட்ட நாத்து வேர் புடிச்சு தூர் கட்டுற நேரம், வரப்புல கோரை, வாய்க்கால்ல அல்லி, ஓரமா ஒரு பூவரசு, தண்ணிக்குள்ள ஆறு நத்தகுத்தி நாரை. கலரே கெடையாது, வெள்ளத் தாளு, வெள்ள சுவரு, நடுவுல விழுற நெழல் மட்டுந்தான் கருப்பு. பாக்க வந்தவங்கள்ல நெறைய பேரு 'கதிரக் காணுமே'ன்னு கேட்டாங்க. ஐப்பசியில சம்பாவுக்கு ஏதுங்க கதிரு, அதுக்கு மார்கழி வரணும்.

இந்த வேலை எனக்கு வந்தது எங்க பெரியப்பாகிட்டேர்ந்து. எங்க ஊரு மாரியம்மன் திருவிழாவுக்கு தெரு முழுக்க கட்டுற தோரணம் அவரு கை வேலதான். பட்டம் விடுற கலர் பேப்பர எட்டா மடிச்சு, பென்சில் கோடுகூட போடாம, கத்திரிய ஆட்டாம தாள மட்டும் திருப்பித் திருப்பி வெட்டுவாரு, பிரிச்சா கிளியும் மாங்காயும் தாமரையுமா வரும். பெரியம்மா அடுப்புல மைதா பசை காய்ச்சி பூச்சி அரிக்காம இருக்க கொஞ்சம் மயில்துத்தம் போடுவாங்க, அந்த லேசான நீல நெறமும் வாசனையும் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. தாளத்தான் திருப்பணும் கத்திரிய திருப்பக் கூடாதுங்குறத மட்டும் நான் இன்னிக்கு வரைக்கும் விடல. இப்ப கத்திரி இல்ல, ஆப்ரேஷனுக்கு வச்சிருக்குற 11 நம்பர் பிளேடு, அதுக்கு 3 நம்பர் கைப்பிடி. முனை கொஞ்சம் மழுங்குனாலும் தாளு பிசிறடிக்கும், ஒரு நாரை றெக்கைக்கே நாலு பிளேடு ஆயிரும்.

பேப்பர் வெட்டுறதெல்லாம் ஒரு கலையான்னு கேக்குறவங்களுக்கு நான் ரெண்டு பேர சொல்லுவேன். ஒண்ணு மதுரா பிருந்தாவனத்து சாஞ்சி வேலை, தாள்ல கிருஷ்ணர் கதைய வெட்டி அத வச்சு தரையில கலர்ப்பொடி தூவி கோலமா போடுறது. இன்னொண்ணு 1700-ல இங்கிலாந்துல பொறந்த மேரி டெலானி அம்மா. புருஷன் போனப்புறம் 72 வயசுக்கு மேல உக்காந்து கலர் பேப்பர்ல ஏறக்குறைய 1000 பூவ வெட்டி கருப்புத் தாள்ல ஒட்டியிருக்காங்க, மகரந்தத் தண்டுகூட எண்ணிப் பாத்து வெட்டுனது, இப்பவும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அவ்ளோ தூரம் ஏன் போவணும், நம்ம தஞ்சாவூர் நெட்டி வேலையப் பாருங்க. கொளத்துல வெளயுற ஒரு செடியோட வெள்ளத் தண்டு, அத கத்தியால சீவி சீவியே பெரிய கோயில செஞ்சி நிறுத்துறாங்க. 2020-ல அதுக்கு புவிசார் குறியீடும் குடுத்தாச்சு.

நான் ஏன் வரையாம வெட்டுறேன்னா, வரையும்போது மழுப்பலாம். தெரியாத எடத்துல லேசா தேச்சு விட்டுட்டா பாக்குறவங்க கண்ணு அதுவா நெரப்பிக்கும். பிளேடுல அது நடக்காது, அங்க தாளு இருக்கணும் இல்லன்னா ஓட்ட இருக்கணும், நடுவுல எதுவும் கெடையாது. அதனால வெட்டப்போற பொருள் உண்மையிலேயே எப்புடி இருக்குன்னு தெரிஞ்சாவணும், தெரியலன்னா சுவத்துல அப்புடியே அம்பலமாயிரும்.

சரி மாட்டுன கதைக்கு வர்றேன். கண்ணாடி பிரேம் போட்டுருங்கன்னுதான் மொதல்ல சொன்னாங்க, நான் ஒத்துக்கல. கண்ணாடி போட்டா நெழல் செத்துரும், ஆள் நடந்து போறப்ப வர்ற காத்துக்கு நாத்து அசையாது. ரொம்ப நேரம் பேசி சம்மதிக்க வச்சேன். பசை மட்டும் கூடவே கூடாதுன்னுட்டாங்க, மாவுப் பசைக்கு ராமபாணப் பூச்சி வருமாம், பக்கத்து ரூம்லயே பழைய தாளெல்லாம் இருக்கு, நியாயம்தான். அதனால துரு புடிக்காத பின்னு வாங்கி, ஆஸ்பத்திரி டிரிப் டியூப்ப விரல்கடை நீளத்துக்கு நறுக்கி அதுல கோத்து, தாளு சுவத்த தொடாம தள்ளி நிக்குற மாதிரி குத்துனேன். நாரையெல்லாம் தூண்டில் நரம்புல தொங்குது.

மொத நாளு எல்லாம் அழகா நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி நல்ல மழை. மியூசியத்துல சாயங்காலம் பூட்டும்போது ஏசிய அணைச்சிட்டுப் போயிருவாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. காலையில வந்து கதவத் தொறந்தா மூணு தாள்ல இருந்த கோரை மொத்தமும் சுருண்டு சுவத்துப் பக்கமா மடங்கிக் கெடக்கு. மீதி பதினொண்ணும் அப்புடியே நிக்குது. அங்கேயே தரையில உக்காந்துட்டேன், அழுவையே வந்துருச்சு. அப்பறம் வெட்டி விழுந்த துண்டுல தபால்தலை அளவுக்கு எடுத்து ஒரு டம்ளர் தண்ணியில மெதக்க விட்டேன். அது குழல் மாதிரி சுருண்டுச்சு, அந்தக் குழல் நீளவாக்குல எந்தப் பக்கம் படுத்துருக்கோ அதுதான் தாளோட கிரெய்ன். மில்லுல ஓடுற தாளுக்கு நாரெல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கமா படுத்துருக்கும், ஈரம் ஏறுனா நாரு நீளத்துல அவ்வளவா கூடாது, குறுக்கால உப்பும். தாள் மிச்சம் பண்ணணும்னு அந்த மூணு மட்டும் கிரெய்ன குறுக்கால வச்சு வெட்டியிருக்கேன், அதான் தண்டுல நிக்க தெம்பில்லாமப் போச்சு. கோரை நிக்கணும்னா நாரு கீழேர்ந்து மேல ஓடணும், நெசக் கோரையில அப்புடித்தான ஓடுது.

அந்த மூணயும் ரெண்டு ராத்திரியில திரும்ப வெட்டுனேன். இந்தத் தடவ தாள மொதல்ல அந்த ஹால்லயே ஒரு நாள் பூரா விரிச்சுப் போட்டு அந்த எடத்து ஈரத்துக்கு பழக்கிட்டுத்தான் பிளேட வச்சேன். ஒண்ணு சொல்லணும், நான் வெட்டிப் பழகுறதுக்கு வாங்குறதெல்லாம் கரூர் புகளூர்ல கரும்புச் சக்கையிலேர்ந்து செய்யுற தாளு. காவேரிக் கரையில இருக்குற மில்லு. கரும்பா தண்ணி குடிச்ச நாருதான, தாளா ஆனப்புறமும் மழை வந்தா குடிக்கத்தான் பாக்கும், அது மேல எனக்கு கோவமே வரல.

லைட்டு பெரிய வேலையா இருக்கும்னு பயந்தேன். தாளுக்கு 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் வைக்க மாட்டாங்க, அதுல நெழல் எங்க விழும்னு நெனச்சேன். எலக்ட்ரீசியன் தம்பி மத்த எல்லா லைட்டையும் அணைச்சிட்டு ஒரே ஒரு விளக்க கீழ ஓரத்துல சாச்சு வச்சாரு, நாத்தோட நெழல் சுவரு ஏறி சீலிங் வரைக்கும் போச்சு. அஞ்சு நிமிஷம் யாரும் பேசல.

இப்ப நாரைக்கு வர்றேன். ராத்திரி காவல் இருக்குற பெரியவரு திருவாரூர் பக்கம் விவசாயம் பாத்தவரு, மகன் வீட்டோட வந்தப்புறம் இங்க வேலைக்கு சேந்துருக்காரு. நான் வெட்டிக்கிட்டு இருக்கும்போது டீ வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து பாப்பாரு, எதுவும் சொல்ல மாட்டாரு. திறப்புக்கு மொத நாள் ராத்திரி நாரைகிட்ட போயி ரொம்ப நேரம் நின்னாரு.

"பாப்பா, இது என்ன பறவ?"

"நத்தகுத்தி நாரைங்கய்யா."

"அதுக்கு மூக்கு மூடாதேம்மா. மூடுனாலும் நடுவுல ஒரு சந்து நிக்கும். எங்க வயல்ல எறங்குச்சுன்னா அந்தப் பக்கம் வெளிச்சம் இதுல தெரியும்."

எனக்கு கை சில்லுனு ஆயிருச்சு. வடுவூர் ஏரியில போன வருஷம் மணிக்கணக்கா பாத்திருக்கேன், போட்டோவும் எடுத்துருக்கேன், ஆனா தூரத்துலேர்ந்து எடுத்தது, அத வச்சு வெட்டும்போது மூக்க ஒரே கோடா இழுத்துட்டேன். ஆறுலயும் அதே தப்பு. ஏணியப் போட்டு ஒவ்வொண்ணா எறக்குனோம், அவரு டார்ச்ச புடிச்சிக்கிட்டாரு. மேல்மூக்கு நேரா, கீழ்மூக்கு லேசா வளைஞ்சு, நடுவுல நெல்லு மணி கணக்கா ஒரு ஓட்ட. "இன்னும் கொஞ்சம்... போதும்மா, போதும்"னு அவரு சொல்லச் சொல்ல வெட்டுனேன். அஞ்சு முடிச்சதும், "ஒண்ண அப்புடியே வுட்டுரு பாப்பா, இளசுக்கு சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும்"னாரு.

திரும்ப மாட்டி லைட்ட போட்டப்ப மணி மூணு இருக்கும். நாரையோட கருப்பு நெழல்ல, மூக்கு நடுவுல, வெள்ளையா ஒரு அரிசி அளவுக்கு வெளிச்சம் விழுந்துச்சு. அஞ்சு நாரைக்கும் அஞ்சு.

நேத்து ஒரு ஸ்கூல்லேர்ந்து புள்ளைங்க வந்துருந்தாங்க. அவருக்கு பகல்ல வேலையே இல்ல, இருந்தும் வந்து நின்னு ஒவ்வொரு நாரையா காட்டிக்கிட்டு இருந்தாரு. கடைசியில இருக்குற அந்த மூடுன மூக்குக்காரன்கிட்ட வந்ததும் குனிஞ்சு, "இது பொடிசு, இன்னும் மூக்கு தொறக்கல"ன்னு சொல்லிக் குடுத்தாரு.