அறுபத்திரண்டு வயதில் வந்த இனிப்பு நீர்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தாய்மாமாவின் தோல் இடைவாரில் ஐந்து துளைகள் வாங்கும்போதே இருந்தவை. அவற்றைத் தாண்டி, வரிசை பிசகி, இன்னும் மூன்று துளைகள் உள்ளன. 2022ஆம் ஆண்டில், எட்டு மாத இடைவெளிக்குள், ஆணியை அடுப்பில் சூடாக்கி அவரே ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டவை அவை. முதல் துளையை இடுவதற்கு முன் அவருடைய எடை 71 கிலோ. மூன்றாவதை இட்டபோது 61. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்திருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து தே தாரிக் என்ற பால் தேநீரை விட்டார். இரவில் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி சாப்பிட்டார். உடம்பு இளைத்தபோது, அது உணவுக் கட்டுப்பாட்டின் பலன் என்றே குடும்பத்தில் எல்லாரும் மகிழ்ந்தோம். தீபாவளிக்கு வந்த உறவினர்கள் அவரைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னார்கள். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நானும் அந்தப் பாராட்டில் கலந்துகொண்டேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

தீபாவளி கழிந்த மூன்றாம் வாரம், காலை வெளிச்சத்தில் மாமாவின் கண்களில் மஞ்சள் படர்ந்திருப்பதை அத்தைதான் முதலில் பார்த்தார். கேட்ட பிறகுதான் மாமா மற்றவற்றைச் சொன்னார். பத்து நாள்களாகச் சிறுநீர் பாலில்லாத தே ஓ நிறத்தில் போகிறது. மலம் களிமண்ணைப்போல வெளுத்திருக்கிறது. இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பெடுத்துத் தூங்க முடியவில்லை. வலி மட்டும் எங்கும் இல்லை. வலியில்லாத மஞ்சள் காமாலையோடு, தொட்டால் தெரியும் அளவுக்குப் பித்தப்பையும் வீங்கியிருந்தால் அதற்குப் பித்தக் கல் காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890இல் எழுதியது இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. மாமாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த இளம் மருத்துவர் ஒரு கணம் பேசாமல் நின்றதன் காரணம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

மாமாவுக்கு வந்திருந்தது கணையப் புற்றுநோய். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் அடங்கியிருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் அந்தத் தலையின் ஊடாகவே குடலை அடைவதால், அங்கு எழும் கட்டி சிறியதாக இருக்கும்போதே நாளத்தை நெரித்துக் காமாலையை உண்டாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கணையத்தின் நடுப்பகுதியிலும் வால்பகுதியிலும் எழும் கட்டிக்கு அந்தத் தடை இல்லாததால், அது முதுகுவலியாகவோ எடைக்குறைவாகவோ வெளிப்படும் முன்பே பெரும்பாலும் பரவிவிடுகிறது. மாமாவுக்குக் கட்டி தலையில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் நல்வாய்ப்பு அது.

உலக அளவில் 2022இல் ஏறத்தாழ 5,10,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 4,67,000 பேர் இதனால் இறந்தனர். இவ்விரு எண்களும் இத்தனை நெருக்கமாக நிற்பதே இந்நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. ஆனால் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் பாதித்தது வேறோர் ஆய்வு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கட்டிகளின் மரபணு மாற்றங்களை எண்ணிக் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, 2010இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதல் மரபணுப் பிழை நேர்ந்ததிலிருந்து முழுப் புற்றுயிரணு உருவாவதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகின்றன. அது பிற உறுப்புகளுக்குப் பரவும் திறனைப் பெற மேலும் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகின்றன. அப்படியென்றால், ஓரிரு மாதங்களில் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் நோய் என்று நாம் பேசிக்கொள்ளும் இது, உள்ளே பதினைந்து ஆண்டுகள் வளர்ந்திருக்கிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் உடல் எந்தக் குறிப்பையும் தரவில்லையா என்பதே என் கேள்வியாக இருந்தது.

தருகிறது. அக்குறிப்புகளில் ஒன்றுதான் புதிதாக வரும் நீரிழிவு.

நீண்டகால நீரிழிவு கணையப் புற்றுநோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்பது பலருக்கும் தெரியும். இதன் மறுதலையும் உண்மை என்பதுதான் அவ்வளவாகத் தெரியாதது: கட்டியே நீரிழிவை உண்டாக்குகிறது. இன்சுலின் வேலை செய்யவிடாமல் தடுக்கும் பொருள்களைக் கட்டி வெளியிடுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதற்கு வலுவான சான்று அறுவை அரங்கிலிருந்தே கிடைத்தது. புற்றுநோயோடு அண்மையில் நீரிழிவும் வந்திருந்தவர்களுக்குக் கணையத்தின் தலையை வெட்டி எடுத்த பின், பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு மறைந்துபோனதை 2008இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வு காட்டியது. இன்சுலின் சுரக்கும் உறுப்பில் ஒரு பகுதியை இழந்த பிறகு சர்க்கரை குறைகிறது என்றால், அதை ஏற்றிவைத்திருந்தது அங்கிருந்த கட்டிதான் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே நிறுவனத்தின் முந்தைய ஆய்வொன்று, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ ஒருவர் மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோயாளியாகிறார் என்று கணக்கிட்டது. ஒருவருக்காக மற்ற 99 பேரையும் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப முடியாது. அனுப்புவதும் தவறு, ஏனெனில் தீங்கற்ற நீர்க்கட்டிகளைப் பார்த்துப் பயந்து தேவையற்ற அறுவை வரைக்கும் போய்விடுவார்கள். நோய்க்குறி எதுவும் இல்லாத பொதுமக்களுக்கு இதற்கான முன்கூட்டிய பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2019இல் மீண்டும் உறுதிப்படுத்தியதன் நியாயமும் அதுவே. எனவே அந்த நூற்றுவரில் கவலைக்குரியவர் யார் என்று சலித்தெடுக்க 2018இல் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். அது கேட்பவை மூன்றே செய்திகள்: நீரிழிவு தொடங்கிய வயது, கடந்த ஓராண்டில் எடையில் ஏற்பட்ட மாற்றம், அதே ஓராண்டில் இரத்தச் சர்க்கரையில் ஏற்பட்ட மாற்றம். இரண்டாம் வகை நீரிழிவு பொதுவாக உடல் எடை கூடும் காலத்தில் மெல்ல மெல்ல ஏறிவரும். எடை இறங்கும்போதே சர்க்கரை திடீரென்று ஏறினால் அது வேறு கதை.

மாமாவின் தாள்களை நான் பிறகு வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். பிறை என்ற ஊரில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனையில், வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 2020இல் லிட்டருக்கு 5.2 மில்லிமோல், 2021இல் 5.4. 2022 மார்ச்சில் 10.9. எங்கள் தாய்வழியில் எவருக்கும் இனிப்பு நீர் இல்லை. மாமா பருமனானவரும் இல்லை. அவர் போய்வந்த கிளினிக்கில் மூன்று முறை எடை பார்த்துக் குறித்திருக்கிறார்கள். மூன்று முறையும் குறைந்திருக்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2021ஆம் ஆண்டுத் தாளை எவரும் கேட்கவில்லை, நாங்களும் எடுத்துப் போகவில்லை. அந்த மருத்துவர் மீது எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. இப்போது கோபத்தைவிட வருத்தமே மிஞ்சியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவியல் ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவருக்கு இருக்கும் நோய் நான்காமவருக்கும் வந்தால், "ஏன் இப்போது?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே அற்றுப்போய்விடுகிறது. "இனிப்பு நீர்தானே" என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என் மாமாவின் எட்டு மாதங்கள் போய்விட்டன.

மற்ற அபாயக் காரணிகளையும் சொல்லியாக வேண்டும். புகைப்பவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. மாமா இருபத்தைந்து ஆண்டுகள் புகைத்துவிட்டு நிறுத்தியவர். அளவுமீறிய மது நாட்பட்ட கணைய அழற்சியை உண்டாக்கி, அதன் வழியே புற்றுநோய்க்கும் பாதை போடுகிறது. தோட்டங்களில் மலிவாகக் கிடைத்த சம்சு என்ற சாராயம் எத்தனை குடும்பங்களின் கல்லீரலை அழித்தது என்று பேசுகிறோம். கணையத்தை யாரும் பேசுவதில்லை. மது தொடாதவர்களுக்கும் இளவயதிலேயே கணையத்தில் கற்கள் உண்டாகும் ஒருவகை அழற்சி தென்னிந்தியாவில் காணப்படுகிறது. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. மோகன் பங்கேற்று 1994இல் வெளியான ஆய்வு, அத்தகையோருக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு பிறரைவிட ஏறத்தாழ 100 மடங்கு என்று கண்டது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த மண்ணின் செய்தி இது என்பதால், இங்குள்ள நாமும் அறிந்திருக்க வேண்டும். பத்தில் ஒருவருக்கு நோய் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருகிறது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவும் அவற்றுள் ஒன்று.

மாமாவுக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நிறமேற்றும் மருந்தைச் செலுத்தி, அது தமனியில் ஓடும்போது ஒருமுறையும் சிரையில் ஓடும்போது ஒருமுறையுமாகப் படம் எடுக்கிறார்கள். கட்டியின் அளவைவிட, குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியையும் சிரையையும் அது எப்படித் தொட்டிருக்கிறது என்பதே அறுவை செய்யலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. பிறகு எண்டோஸ்கோப்பியின் முனையில் பொருத்திய அல்ட்ராசவுண்ட் கருவியை இரைப்பை வழியே செலுத்தி, மெல்லிய ஊசியால் திசு மாதிரி எடுத்தார்கள். சி.ஏ. 19-9 என்ற பொருளின் அளவைப் பார்க்கும் இரத்தச் சோதனையும் செய்தார்கள். அதை மட்டும் நம்பி யாரும் முடிவுக்கு வரக் கூடாது: காமாலை இருந்தாலே அது உயரும், அப்பொருளை உடல் உற்பத்தியே செய்யாத மக்களும் 100 பேருக்கு 5 முதல் 10 பேர் வரை இருக்கிறார்கள்.

அறுவை மருத்துவர் எங்களை உட்காரவைத்து, சந்திப்புத் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவை எடுக்கப்படும். குடலில் நோயே இல்லையே, அதை ஏன் எடுக்க வேண்டும் என்று மாமா கேட்டார். இரண்டுக்கும் ஒரே இரத்தக்குழாய்கள்தாம் உணவூட்டுகின்றன, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை உயிரோடு வைக்க முடியாது என்றார் மருத்துவர். பிறகு மூன்று அம்புக்குறிகளைப் போட்டார்: மிச்சக் கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகிய மூன்றையும் சிறுகுடலோடு தைத்து இணைக்க வேண்டும். இவற்றுள் கணையத் தையலைச் சுற்றி இரண்டு முறை வட்டமிட்டார். வெண்ணெயில் நூல் கோப்பதைப்போல மென்மையான அந்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், செரிமான நீர் சுற்றியுள்ள திசுக்களையே அரிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தாளை அத்தை இன்னமும் பூசையறையில் வைத்திருக்கிறார்.

இந்த அறுவையை ஜெர்மனியின் காவுஷ் 1909இலேயே செய்திருந்தாலும், 1935இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் வெளியிட்ட முறையால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1960களில் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்தனர். அந்த நிலை மாறியதற்குக் கருவிகளைவிடப் பழக்கமே பெரிய காரணம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கணைய அறுவையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடு, மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 விழுக்காடு. வீட்டுக்கு அருகில் செய்துகொள்ளலாமே என்று எண்ணிய எங்களுக்கு இந்த ஓர் ஒப்பீடே போதுமானதாக இருந்தது. ஈரல், பித்தநாள, கணைய அறுவைக்கான தேசியப் பரிந்துரை மையமாகச் செலாயாங் மருத்துவமனை இருப்பதன் பொருளும் அப்போது புரிந்தது.

அடைபட்ட பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து, காமாலையை முதலில் இறக்கிவிட்டுத்தான் அறுவை செய்ய வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். மஞ்சள் கண்ணோடு ஒருவரை மேசையில் கிடத்துவதை மனம் ஏற்கவில்லை. ஆனால் 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, வழக்கமாக ஸ்டென்ட் வைத்தவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் நேராக அறுவைக்குச் சென்றவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் கடுமையான சிக்கல்கள் நேர்ந்ததைக் காட்டியிருக்கிறது. காய்ச்சலோ மிக உயர்ந்த காமாலையோ, அறுவைக்குத் தாமதமோ இருந்தால் மட்டுமே ஸ்டென்ட். மாமாவுக்கு அது வைக்கப்படவில்லை. ஆறரை மணி நேரம் அறுவை நடந்தது.

அறுவைக்குப் பின் ஆறு மாதம், இரு வாரங்களுக்கு ஒருமுறை கீமோதெரபி. நான்கு மருந்துகள் சேர்ந்த இம்முறையை ஒற்றை மருந்தோடு ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 35 மாதங்களிலிருந்து 54.4 மாதங்களாக உயர்ந்தது. அதன் விலையை மாமாவின் விரல்கள் கொடுத்தன. குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டாலே முள் குத்துவதாகச் சொல்வார். பினாங்கு வெயிலில் அத்தனை பேரும் ஐஸ் போட்டுக் குடிக்கையில், அவர் வெதுவெதுப்பான நீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணையத்தில் ஒரு பகுதி போய்விட்டதால், செரிமான நொதி மாத்திரைகளை ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். அவை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. சைவ உணவுக்காரரான அவர் அதை அறிந்த அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, சாமி படத்தின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு எடுத்துக்கொண்டார்.

இந்நோய் கண்ட ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லையென்றாலும், மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்பது இப்போதைய பரிந்துரை. மாமாவுக்கு அதில் எதுவும் வரவில்லை. ஆயினும் அவருடைய அக்காவான என் அம்மா, 69 வயதில், பள்ளிக் கணக்குப் புத்தகம் ஒன்றில் கோடு கிழித்துத் தாமே குறிக்கத் தொடங்கியிருக்கிறார்: தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எடை. சோதனைத் தாள்களையும் அதே பக்கத்தில் ஒட்டிவைக்கிறார். சென்ற மாதம் கிளினிக்குக்குப் போனபோது அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மருத்துவரின் மேசையில் விரித்து வைத்தார். மருத்துவர் மூன்று ஆண்டுகளின் பக்கங்களையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.