தலைக்கணக்கில் வராத செலவு

அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் பள்ளி மானியம் வருகிறது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அப்படியே ஏறி 1 லட்சத்தில் முடிகிறது. அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். சேர்வராயன் மலையில் நான் வேலை பார்த்த பள்ளிகள் முதல் படியைத் தாண்டியதில்லை. சாக்பீஸ், பதிவேடு, பினாயில், உடைந்த குழாய், எரிந்துபோன டியூப்லைட். சேலத்தில் வாங்கியதை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவர வண்டிக்கூலி வேறு. இவ்வளவும் போக, வீட்டில் வசதியில்லாத ஒரு பிள்ளைக்கென்று தனியாக என்ன மிஞ்சும்?

இந்த மானியம் தலையை மட்டும் எண்ணுகிறது. டவுனில் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பிள்ளையும், காபித் தோட்டமும் ஓடையும் தாண்டி நடந்து வரும் எங்கள் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். ஆசிரியர் கணக்கும் அப்படியே. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். இருபத்தைந்து பிள்ளைகள்தானே என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் நடத்திப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

என் அனுபவத்தில், இந்தத் திட்டத்தில் பிள்ளையின் கையில் நேராகப் போய்ச் சேர்ந்த பணம் போக்குவரத்துப்படிதான். பள்ளி இல்லாத குக்கிராமப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை அதே திட்டத்தில் இடமுண்டு. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. பல பிள்ளைகளின் பணத்தைச் சேர்த்து ஒரு ஜீப் பேசினோம். ஐந்தாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்தது அந்த ஜீப்பால்தான். தோட்டத்து வழியே வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் படி மொத்தமாக, தாமதமாக வரும். டீசலுக்கு டிரைவர் வாரா வாரம் பணம் போட வேண்டும். பணம் வரும்வரை அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பேசுவதே பெரிய வேலையாக இருந்தது. அவரும் பொறுத்துக்கொண்டார், அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஜீப் ஓடினாலும் பெஞ்சு காலியாகும் மாதங்கள் உண்டு. நவம்பர் கடைசியில் காபிப் பழம் பறிக்க ஆரம்பித்தால் பிப்ரவரி வரை அப்பா அம்மா இருவரும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மூத்த பெண் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். இதற்கு எந்த மானியத்திலும் செலவுத் தலைப்பு கிடையாது. அங்கன்வாடி அம்மாவோடு பேசி, இரண்டு வயது தாண்டிய தம்பி தங்கைகளை அங்கே சேர்த்தோம். அக்கா வரும் அதே ஜீப்பில் குழந்தையும் வரும். ஒரு ரூபாய் செலவில்லை, அந்தப் பெண்கள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அதற்கும் சின்னக் குழந்தை என்றால் வழியே இல்லை, பாட்டி இருந்தால்தான் உண்டு.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது மலையில் அதன் பலன் உடனே தெரிந்தது. டிசம்பர் குளிரில் வெறும் வயிற்றோடு வந்து உட்காரும் பிள்ளையிடம் முதல் பாடவேளையில் எதையும் வாங்க முடியாது. சூடான உப்புமாவும் சாம்பாரும் உள்ளே போனபின் அதே பிள்ளை கையைத் தூக்கிப் பதில் சொல்கிறது.

பணத்தை எதில் போடுவது என்பதில் நான் அதிகம் நம்புவது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களை. ஒரு கூட்டத்தில் மிச்சத் தொகையில் பள்ளி கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கலாம் என்று பேச்சு வந்தது. ஒரு அம்மா எழுந்து, "டீச்சர், கேட்டு அப்படியே இருக்கட்டும். புள்ளைங்க மழையில நனைஞ்சு வந்து ஈரத்துணியோட நாள் பூரா உட்காருதுங்க, மறுநாள் காய்ச்சல்னு படுத்துக்குதுங்க" என்றார். கொடிக்கயிறு, துண்டுகள், மாற்றிக்கொள்ள பழைய உடைகள். சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அந்த மழைக்காலத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

இங்கிலாந்தில் 2011 முதல் வேறு ஒரு முறை இருக்கிறது. இப்போதைய விதிப்படி, கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று பள்ளிக்குக் கூடுதல் பணம். முதல் ஆண்டில் பிள்ளைக்கு 488 பவுண்டு. எதற்குச் செலவழிப்பது என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம், ஆனால் என்ன செய்தோம் என்பதை ஊரறிய எழுதி வெளியிட வேண்டும். அங்கும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. அந்த நாட்டின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2012இல் விசாரித்தபோது, இந்தப் பணத்தால் தங்கள் வேலைமுறை பெரிதாக மாறியது என்று சொன்ன தலைமையாசிரியர்கள் பத்தில் ஒருவர்தான். என்றாலும் பிள்ளையின் நிலைமையைப் பார்த்துப் பணம் ஒதுக்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் மானியத்தில் அது இல்லை.

பிள்ளை பெயருக்கே வரும் பணம் நம்மிடமும் உண்டு, உதவித்தொகையாக. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மலைப் பிள்ளைக்கு அது பெரிய தொகை. தேர்வுக்குத் தயார் செய்வதைவிடக் காகிதம் சேர்ப்பதுதான் கடினம். பழங்குடிச் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் பணம் நின்றுவிடும். திருத்த சேலம் போனால் அப்பாவுக்கு அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு வேறு. அந்தச் செலவுக்கு மானியத்தில் இடமில்லாததால் ஆசிரியர்கள் எங்களுக்குள் போட்டுக்கொள்வோம்.

மானியத்தின் அடித்தொகை இருக்கட்டும். அதன்மேல் தூரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு, பழங்குடிப் பிள்ளைக்கு, வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்கு என்று தலைக்கு ஒரு தொகை சேர்க்க வேண்டும். அந்த விவரங்களில் பெரும்பகுதி எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது, நாங்கள்தான் ஏற்றுகிறோம். சேர்க்கும் தொகையில் ஒரு பகுதியையாவது தலைப்புக் கட்டுப்பாடு இல்லாமல் மேலாண்மைக் குழுவின் கையில் விட வேண்டும். அப்போது சான்றிதழ் வாங்கப் போகும் அப்பாவின் பஸ் செலவையும் ஜீப்புக்கு முதல் மாத டீசலையும் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடலாம்.