66 மாடல் செவ்ரோலே சி-10: பிரேக் பிடித்த பிறகுதான் மற்ற வேலை

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த 1966 மாடல் செவ்ரோலே சி-10 பிக்கப்பை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே மூன்று கியர். எஞ்சின் தங்கம். வண்டியை நிறுத்துவதுதான் பயம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கிடையாது. அதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது, மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அறை, ஒரே எண்ணெய் வழி. எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் மிதி தரை வரை இறங்கிவிடும், ஒரு சக்கரமும் பிடிக்காது. அடுத்த வருட மாடலில்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொடுத்தார்கள். அதனால் பிரேக் முடியும்வரை வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். டிரம்மில் சக்கரம் சுற்றும் வேகமே பிரேக் ஷூவை டிரம்மோடு சேர்த்து அழுத்த உதவும். டிஸ்கில் அந்த உதவி இல்லை, எல்லாம் கால் பலம்தான். அதனால் டிஸ்க் போட்டால் பூஸ்டரும் வேண்டும். பின்னால் டிரம்மையே வைத்துக்கொண்டேன். காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு. பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால் சாயும், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. புது வீல் சிலிண்டர், புது லைனர் போட்டதோடு சரி. துருப்பிடித்த பழைய குழாய்களையெல்லாம் கழற்றிவிட்டு, 3/16 அங்குலத் தாமிர-நிக்கல் குழாய் போட்டேன். இரும்பை விடச் சொன்னபடி வளையும், துருவும் பிடிக்காது.

முதல் தடங்கல் ரிம்மில் வந்தது. வண்டியோடு வந்த 15 அங்குல ரிம் டிரம்முக்காகச் செய்தது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இடித்தது. தேய்த்துச் சரிசெய்ய மனம் வரவில்லை. டிஸ்க் வண்டிக்குரிய ரிம்மாகப் பார்த்து வாங்க மூன்று வாரம் ஆனது.

அந்தச் சமயத்தில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நாமக்கல்லில் பல வருடம் 407 வண்டியில் முட்டை லோடு அடித்தவர். பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும் வேலையில் மிதி அவருடையது, ஸ்பானர் என்னுடையது. மாஸ்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தோம்: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. மிதி கல் மாதிரி நின்றது. சந்தோஷமாக ஒரு சுற்றுக் கிளம்பினோம்.

ஆறு மைல் போயிருப்போம். வண்டி இழுவையாக இருந்தது. "கண்ணு, லைனர் வாசம் வருது. ஓரங்கட்டு" என்றார் அப்பா. இறங்கினால் முன் சக்கரம் இரண்டும் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்தது. நான் காலிப்பரைச் சந்தேகப்பட்டேன். அவர் பானட்டைத் திறக்கச் சொன்னார். "மாஸ்டர் நட்டை ரெண்டையும் கொஞ்சம் தளர்த்திப் பாரு." பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் ஒரு நூலளவு முன்னால் வந்ததும் சக்கரம் விட்டுவிட்டது.

குறை பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவிலிருக்கும் தள்ளுகம்பியில். அது கொஞ்சம் நீளமாக இருந்ததால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வரவில்லை. முழுதாக வந்தால்தான் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறக்கும். துளை மூடியே இருந்தால், ஓட ஓடச் சூடாகி விரியும் எண்ணெய்க்குப் போக வழியில்லை, அதுவே பிரேக்கை அழுத்தத் தொடங்கும். கம்பி முனையைத் திருகிக் குறைத்து, மயிரிழை இடைவெளி விட்டு மாட்டினேன். அப்புறம் ஒருநாளும் சூடாகவில்லை. பூஸ்டர் மாட்டுகிறவர்கள் இந்த இடைவெளியை மாட்டும் முன்பே அளந்துவிடுங்கள். கேரேஜில் நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும், ஓடினால்தான் வெளியே வரும்.

ஸ்டியரிங் வேலை இரண்டு வார இறுதியில் முடிந்தது. பழைய பெட்டியில் ஆட்டம் அதிகம், நேர் சாலையிலும் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். பவர் ஸ்டியரிங் பெட்டி மாட்ட, பழைய தண்டை அளந்து வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாதே என்று நான்கு தடவை அளந்தேன். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் எல்லாம் டிஸ்க் மாட்டும்போதே புதிதாகிவிட்டன. அலைன்மெண்ட் கடையில் மேல் ஆர்மின் ஷிம் தகடுகளை மாற்றிவைத்து, காஸ்டரை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, முடிந்தவரை கூட்டச் சொன்னேன். இப்போது வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேருக்கு வருகிறது.

சஸ்பென்ஷனில் உயரத்தைக் குறைக்கவில்லை. இந்த வண்டி அதன் உயரத்தில் நிற்பதுதான் அழகு. இதன் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் கிடையாது. காயில் ஸ்பிரிங், ஆக்சிலை முன்னிருந்து பிடிக்கும் இரண்டு நீளமான ஆர்ம். இந்த அமைப்பிலிருந்து வந்ததைத்தான் அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தயக் கார்களும் 2021 சீசன் வரை பின்பக்கம் வைத்திருந்தன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆர்ம் முனைகளில் இருந்த ரப்பர் புஷ் விரலால் தொட்டாலே உதிர்ந்தது. புது புஷ், நான்கு புது ஷாக். குழியில் விழுந்தால் வரும் அந்த 'டொக்' சத்தம் போய்விட்டது.

போன ஞாயிறு ஆளில்லாத சாலையில் 50 மைல் வேகத்தில் முழு பிரேக் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. பின் ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கும் பான்ஹார்ட் கம்பி மட்டும் பாக்கி. கம்பெனி போட்டது நீளம் குறைவு, பின்பக்கம் ஏறி இறங்கும்போது ஆக்சில் பக்கவாட்டில் நகர்கிறது. நீளக் கம்பி வாங்கி வைத்துவிட்டேன். வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் அதற்கான பிராக்கெட்டை அடுத்த வாரம் மாட்ட வேண்டும்.