ஆக்சிஜன் செறிவூட்டி: ஓடுகிறது, சரி, எத்தனை சதவீதம்?

அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நோயாளிக்குத் தரும் இந்த மெஷினின் சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரெசர் உறுமுகிறது, சில விநாடிகளுக்கு ஒருமுறை புஸ்ஸென்று காற்று வெளியேறுகிறது, ஃப்ளோ மீட்டரில் குண்டு 5-இல் நிற்கிறது. வார்டைப் பொறுத்தவரை மெஷின் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் குண்டு எவ்வளவு வாயு வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் சியோலைட் என்ற கனிம மணிகள் உள்ளே செத்துப்போன மெஷினும் நிமிடத்துக்கு 5 லிட்டர் காட்டியபடி நோயாளிக்கு அறைக்காற்றையே ஊதிக்கொண்டிருக்கும்.

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மீதியில் பெரும்பங்கு ஆர்கான். சியோலைட் நிரப்பிய இரண்டு உருளைகள், அதாவது சீவ் பெட்கள், மாறிமாறி வேலை செய்கின்றன. ஒன்றில் அழுத்தம் ஏறும்போது நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் தாண்டிப் போகும். அதே நேரம் மற்றொன்று அழுத்தம் குறைந்து, பிடித்து வைத்த நைட்ரஜனை வெளியே தள்ளும். நாம் கேட்கும் ‘புஸ்’ அதுதான். ஆர்கானை இந்தச் சியோலைட் பிரிப்பதில்லை. அதனால் நல்ல மெஷினில்கூட 95, 96 சதவீதத்துக்கு மேல் வராது. ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் உங்கள் அனலைசர் 99 காட்டினால் மெஷினை மெச்ச வேண்டாம், அனலைசரைச் சந்தேகியுங்கள்.

அளக்கும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கால்வானிக் சென்சர் உள்ள அனலைசரை அறைக்காற்றில் 20.9-க்கு வைத்துவிட்டு அப்படியே அளந்தால், மேல் எல்லையில் பிழை வரலாம். சிலிண்டர் ஆக்சிஜனில் 100-ஐயும் சரிபார்க்க வேண்டும். அளப்பது, ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலுக்கு முன்னால். ஈரம் பட்டால் சென்சர் தப்பாகக் காட்டும். மெஷினைப் போட்ட உடனே அளக்காமல் குறைந்தது 10 நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் 2 லிட்டரில் ஒரு ரீடிங், பிறகு மெஷினின் முழு அளவில் இன்னொன்று. முழு அளவில் 93-ஐ ஒட்டி, 3 சதவீதம் முன்பின் இருப்பது ஆரோக்கியம். 82-க்குக் கீழே போனது நோயாளியிடம் இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லையும் அதுதான். 2 லிட்டரில் 92, 5 லிட்டரில் 75 என்று வந்தால், குறைந்த ஃப்ளோவில் தப்பித்துக்கொண்டிருக்கும் மெஷின் அது. ‘இப்போதைக்கு ஓடட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

சதவீதம் குறைந்ததும் சீவ் பெட்டை மாற்றச் சொல்வது சோம்பேறி வைத்தியம். அது விலை கூடிய பாகம், பல நேரங்களில் குற்றமற்றதும்கூட. மூடியைக் கழற்றி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் இடத்தில், பெரும்பாலும் பிரித்த ஆக்சிஜன் சேரும் புராடக்ட் டேங்க்கில், பிரஷர் கேஜ் போடுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் கோளாறு காற்று வரும் பக்கம்: அடைபட்ட இன்லெட் ஃபில்டர், தேய்ந்த கம்ப்ரெசர் கப் சீல் (பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் தடுக்கும் வளையம்), அல்லது கசிவு. கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரையைவிட நல்ல கருவி இல்லை; ஆனால் ஒயர், போர்டு பக்கம் அது போகக் கூடாது. அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் நைட்ரஜன் வெளியேறும் வாயில் சத்தத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் மஃப்ளரைக் கழற்றிப் பாருங்கள். அது அடைபட்டால் நைட்ரஜன் வெளியேற வழியில்லாமல் பெட்டிலேயே தங்கிவிடும். மஃப்ளர் சுத்தமாக இருந்து, காற்றை இரண்டு பெட்களுக்கும் மாற்றிவிடும் வால்வுகளும் ஒழுங்காக மாறினால், அப்போது பெட்டைக் குற்றம் சொல்லலாம். குழாய்களில் வெள்ளைப் பொடி கிடந்தால் சியோலைட் உடைந்து உதிர்கிறது. அந்தப் பொடி வால்வுக்குள்ளும் போயிருக்கும் என்பதால், வால்வைப் பார்க்காமல் புதுப் பெட் போடுவது பணத்துக்குக் கேடு.

சியோலைட்டைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். நைட்ரஜனைவிடத் தண்ணீரை அது இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், சாதாரண ஓட்டத்தில் எளிதில் விடாது. ஈரப்பதம் அதிகமான அறை, கம்ப்ரெசரை அடுத்த குளிர்விக்கும் சுருளில் சேரும் நீர், ஓடாத ஃபேன் எல்லாம் இதற்குக் காரணம். ஸ்டோரில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் மெஷின் ஓடும் மெஷினைவிடச் சீக்கிரம் கெடுவதும் இதனால்தான். அவசரத்துக்கென்று எடுத்து வைத்ததை மாதம் ஒருமுறையாவது சில மணி நேரம் முழு ஃப்ளோவில் ஓட்டி, கடைசியில் அளந்து எழுதி வையுங்கள்.

வெளி ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் கழுவ வேண்டும். தூசு அதிகமுள்ள வார்டில் இன்னும் அடிக்கடி. நன்றாகக் காயாமல் திரும்பப் போட்டால் ஈரத்தை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள்; மெஷினுக்கு இரண்டு ஃபில்டராக வைத்து மாற்றிக்கொள்வது நல்லது. உள்ளே இருக்கும் இன்லெட் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி மெஷின் நிற்கட்டும்.

நோயாளிக்குக் காற்றே வரவில்லை என்ற புகாரில் மெஷினைத் திறக்கும் முன் ஹியூமிடிஃபையர் மூடியைப் பாருங்கள். மரை கோணலாக ஏறியிருந்தால் ஆக்சிஜன் அங்கேயே கசிந்துவிடும். பாட்டிலுக்கு அப்பால் குழாயை மடக்கிப் பிடியுங்கள். ஃப்ளோ மீட்டர் குண்டு கீழே இறங்க வேண்டும், பல பாட்டில்களில் சேஃப்டி வால்வு கீச்சிடும். குண்டு அசையாமல் நின்றால் கசிவு மடக்கிய இடத்துக்கு முன்னால்தான். பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர், அதுவும் தினமும் புதிதாக.

மோட்டார் முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால் முதலில் கெபாசிட்டரை அளக்கவும்; லேபிளில் உள்ள மைக்ரோஃபாரடை விட வெகுவாகக் குறைந்திருந்தால் மாற்றவும். தொடும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, டேங்க்கில் நிற்கும் அழுத்தத்தையும் இறக்கிவிட வேண்டும். ஆக்சிஜன் செல்லும் இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ துளிகூடக் கூடாது, டெஃப்லான் டேப் போதும்.

பழுது பார்த்து முடித்ததும் இரண்டு மணி நேரம் முழு ஃப்ளோவில் ஓட்டி மறுபடி அளக்கவும். மெஷினில் ஒட்டும் அட்டையில் தேதி, ஹவர் மீட்டர் எண், சதவீதம், டேங்க் அழுத்தம் நான்கும் இருக்கட்டும். ‘சரி பார்த்தது’ என்று மட்டும் எழுதிய அட்டையை வைத்து அடுத்து வரும் டெக்னீஷியன் எதையும் ஒப்பிட முடியாது.