முதலில் கொம்பு, அப்புறம் ழ
நண்பரின் குறும்படத்துக்கு 'மழை' என்று தலைப்பு. பெயர் திரையில் கையால் எழுதுவதுபோல வரவேண்டும் என்று கேட்டார். எழுத்துரு எதையும் தொட எனக்கு மனசில்லை. பெரியப்பா முப்பது வருஷம் சைன்போர்டு எழுதியவர். ஒரு சார்ட்டில் பிரஷ்ஷால் எழுதித் தரச் சொன்னேன். ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் வெள்ளையை நீக்கி, படத்தை அசையவைக்கும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன்.

ஒரே தடிமனான கோடு என்றால் ஷேப் லேயரில் கோடு போட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீளவிடும் டிரிம் பாத்ஸ் வைத்தால் முடிந்தது. ஆனால் பிரஷ் எழுத்து ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலியும். அந்த அழகு போய்விடக் கூடாது. அதனால் மாஸ்க் (படத்தின் மேல் வரையும் பாதை; மூடிய பாதை என்றால் அதற்கு வெளியே உள்ளதை வெட்டிவிடும்) வழிக்குப் போனேன். லேயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு (தேர்ந்தெடுக்காவிட்டால் மாஸ்க்குக்குப் பதிலாக ஷேப் லேயர் வந்துவிடும்) பென் டூலால் எழுத்தின் நடுவே கோடு இழுத்தேன். பாதையை மூடாமல் விட்டால் படம் வெட்டுப்படாது. பிறகு அந்தப் பாதை வழியே பிரஷ் ஓட்டும் ஸ்ட்ரோக் எஃபெக்ட்: ஆல் மாஸ்க்ஸ் (எல்லா மாஸ்க்கும்), ஸ்ட்ரோக் சீக்வென்ஷியலி (ஒன்றன்பின் ஒன்றாக) இரண்டிலும் டிக், பெயின்ட் ஸ்டைலில் ரிவீல் ஒரிஜினல் இமேஜ் (பிரஷ் போன இடத்தில் மட்டும் அசல் எழுத்து தெரியும்). பருத்த இடமும் மூடும் அளவுக்கு பிரஷ் அளவைக் கூட்டி, கோடு எதுவரை ஓடியது என்று சொல்லும் எண்ட் மதிப்புக்கு 0-இல் ஒரு கீஃபிரேம் (இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்ற குறி), 100-இல் ஒன்று.

ஓட்டிக் காட்டியதும் பெரியப்பா, "ஏன்டா, ழ எழுதிட்டா கொம்பு போடுவாங்க?" என்றார். அப்போதுதான் உறைத்தது. டைப் அடிக்கும்போது ழ முதலில், ஐகாரம் பின்னால். அந்தப் பழக்கத்தில் மாஸ்க்கையும் அதே வரிசையில் வரைந்திருக்கிறேன். கையால் எழுதுகிறவர்களுக்கு ம, இணைக்கொம்பு (ை), கடைசியில் ழ. ஸ்ட்ரோக் எஃபெக்ட் டைம்லைனில் மேலிருந்து கீழாக மாஸ்க்குகளை எடுத்துக்கொள்கிறது. கொம்பின் மாஸ்க்கை ழவுக்கு மேலே இழுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. வரைந்து முடித்த பிறகு பார்த்தால் ஒரே சொல்தான். ஆனால் வரிசை தப்பினால் தமிழ்க் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அதிகம் படுத்தியது ழவின் வால்தான். கீழே இறங்கிச் சுழித்து, எழுத்தின் உடம்பை ஒட்டி வருகிறது. மேல்கோடு ஓடும்போதே தடித்த பிரஷ் பக்கத்தில் இருக்கும் வாலின் ஒரு துண்டையும் திறந்துவிட்டது. எழுதாத இடத்தில் மைப்பொட்டு வைத்தது போல. பிரஷ்ஷைக் குறைத்தால் பருத்த இடத்தின் ஓரம் தெரியவில்லை. கடைசியில் போட்டோஷாப்பில் ழவை உடம்பு, வால் என்று இரண்டு லேயராகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க், தனி ஸ்ட்ரோக். உடம்பு முடியும் ஃபிரேமில் வால் தொடங்கும். இதற்கு மட்டும் ஒரு சாயங்காலம் போயிற்று. போனதில் வருத்தமில்லை. இணைப்பு எங்கே என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

இன்னும் ஏதோ உறுத்தியது. கோடு நிற்காமல் ஓடியது. பெரியப்பாவை மறுபடி எழுதச் சொல்லி போனில் வீடியோ எடுத்து, அவர் கை தூக்கும் இடங்களைப் பார்த்தேன். அங்கெல்லாம் கீஃபிரேம் வைத்து நிறுத்தினேன். நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில், கொம்புக்கும் ழவுக்கும் நடுவே 5 ஃபிரேம் இடைவெளி. பிரஷ்ஷை எடுத்து வைக்க அவருக்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது.